ராத்திரி யாருக்குச் சொந்தம்?

'நைட் லைஃப்' என்ற வார்த்தை காதில் விழுந்தாலே நமது கனவான்கள் பலருக்கு முகம் கோணிக்கொள்கிறது. பகல் வெளிச்சத்தில் நடக்கிற ஆயிரம் அக்கிரமங்களைப் பேப்பரில் படித்துவிட்டு, சாவகாசமாகக் காப்பியை ஆற்றிக் குடிக்கிறவர்கள்தாம் இவர்கள். ஆனால், ராத்திரியில் நாலு வாலிபர்கள் கூடிப் பாட்டைப் பற்றிப் பேசினால் போதும். கலாசாரம் செத்துவிட்டது, பாடையைக் கட்டு என்று பதறிப் போகிறார்கள்.

"நம் பண்பாட்டில் இதெல்லாம் உண்டா, ஸார்? பொழுது சாய்ந்தால் விளக்கேற்றி, சாப்பிட்டு, படுத்துத் தூங்குகிற ஜனங்கள் அல்லவா நாம்? இந்த ஹிப்ஹாப், பப், டேட்டிங் எல்லாம் மேல்நாட்டுச் சரக்கு. பட்டணத்தைக் கெடுத்து முடித்துவிட்டு இப்போது கிராமத்துக்கும் வந்தாயிற்று" என்று ஒரு பெரியவர் என்னிடம் அங்கலாய்த்தார்.

அவர் சொன்ன கிராமம் பெருநகர். உத்திரமேரூர்ப் பக்கத்தில், காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசி போகிற சாலையில் இருக்கிறது. பெயர்தான் பெருநகர், ஊர் என்னவோ வயலும் ஏரியும் கோயிலுமான சிற்றூர். "பெருநகர் நிஜமாகவே பெருநகராகிவிட்டது" என்று தம்முடைய சிலேடையைத் தாமே ரசித்துச் சிரித்தார் அவர். அந்தச் சிரிப்பில் நகைச்சுவையைவிட வயிற்றெரிச்சலே அதிகம்.

அந்தப் பெரியவரோடு எனக்குச் சண்டை உண்டு. அவர் யாரைத் திட்டுகிறாரோ, அந்த வாலிபர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. இரண்டு பேரும் ஒருவரையொருவர் விரோதிகள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். முக்கியமான ஒரு விஷயத்தில் இரண்டு பேரும் ஒரே கட்சி என்பது இருவருக்குமே தெரியவில்லை. அதை அவர்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாலிபர்கள் என்னதான் பேசுகிறார்கள் என்று கேட்டுவிடுவோம். கேட்காமலே தண்டனை விதிப்பது பெரியவர்களின் வழக்கம். எழுதுகிறவனுக்கு அந்த உரிமை கிடையாது. கடையடைத்த ஒரு டீக்கடையின் பெஞ்சு. மணி பதினொன்று ஆகப் போகிறது. நாலு பேர். ஒருவன் கையில் செல்போன். அதிலிருந்து 'தட்தட்' என்று தாளம்.

"மச்சான், பால் டப்பா பாட்டு கேட்டியா?"

"கேட்டேன்டா. மொத தபா ஒண்ணும் புரில. மூணாவது தபா காலு தானா ஆடுது."

"காலுக்குப் புரிஞ்சிது. உனக்குத்தான் புரில."

பால் டப்பா என்பது ஒரு பாடகரின் பெயர். நம் பெரியவர் இதைக் கேட்டிருந்தால் பால் சொஸைட்டி விவகாரம் என்று நினைத்து உள்ளே நுழைந்திருப்பார். பேச்சு மேலே போகிறது.

"அனுமான்கைண்டு மரணக் கிணத்துக்குள்ள நின்னு பாடினான் பாரு, அதான்டா பாட்டு. உலகமே பார்த்துச்சு."

"நம்ம பக்கத்துத் திருவிழாவுக்குக்கூட வருமே அந்தக் கிணறு. நீயும் உள்ள போயி நின்னு பாடேன்."

"இவன் பாடினா பைக்காரன் சுவத்த வுட்டு இவன் மேல ஏத்திடுவான்."

2024 ஜூலையில் வெளிவந்த 'பிக் டாக்ஸ்' என்கிற பாட்டைப் பற்றிய பேச்சு இது. கேரளத்தில் பிறந்த ஒரு வாலிபர் இங்கிலீஷில் பாடியது. திருவிழாக்களில் கிணறு மாதிரி மரச்சுவர் கட்டி, அதன் மேல் மோட்டார் சைக்கிளைச் சுற்றி ஓட்டுவார்களே, அந்த வித்தைக்காரர்களை நடுவில் வைத்து எடுத்த படம். அமெரிக்க வாலிபன் அதிசயித்துப் பார்த்தது நம் திருவிழாச் சாமானைத்தான். 'மேல்நாட்டுச் சரக்கு' எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பெரியவர் கொஞ்சம் யோசிக்கட்டும்.

அடுத்தது டேட்டிங்.

"ஈ.சி.ஆர்.ல ஒரு பப்பு இருக்குதாம். ஜோடியா போனாத்தான் உள்ள வுடுவானாம்."

"அப்ப உனக்கு ஆயுசு பூரா வெளியதான்."

"டேட்டிங்னா இன்னாடா சரியான அர்த்தம்?"

"ஒரு பொண்ணுகூட ஒக்காந்து காப்பி குடிக்கிறது."

"குடிச்சிட்டு?"

"காசு நீ குடுக்கறது."

சிரிப்பு வெடிக்கிறது. எனக்கும் சிரிப்பு வந்தது. இதில் கலாசாரத்தைக் கொன்றுபோடுகிற விஷம் எங்கே இருக்கிறது? வேலைக்குப் போய்க் களைத்துத் திரும்பிய நாலு இளைஞர்கள் ஒருவனை ஒருவன் வாரிக்கொள்கிறார்கள். அவர்களுடைய தாத்தாக்கள் இதே வயதில் இதே ஊரில் எம்.ஜி.ஆர். படமா சிவாஜி படமா என்று வாரிக்கொண்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால், இதற்கு அப்புறம் ஒரு பேச்சு வந்தது. "அந்த மாதிரி எடத்துக்கு, அதுவும் ராத்திரில வர்ற பொண்ணு எப்டிப்பட்டவளா இருப்பா, நீயே சொல்லு" என்றான் ஒருவன். மற்றவர்கள் அர்த்த புஷ்டியுடன் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவனுடைய போன் அடித்தது. "தோ வந்துட்டேன்" என்று எழுந்தான். "கம்பெனி பஸ் வந்துட்ச்சாம். தங்கச்சிய இட்டாந்து வூட்ல வுட்டுட்டு வர்றேன், இருங்கடா" என்று சொல்லி வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனான்.

ராத்திரியில் வெளியே இருக்கிற பெண் எப்படிப்பட்டவள்? பதில் தேடி அவன் ஈ.சி.ஆர். வரைக்கும் போக வேண்டியதில்லை. சாலைத் திருப்பத்தில், தோளில் பையோடு, இரண்டாவது ஷிப்டு முடிந்து அவள் நின்றுகொண்டிருந்தாள். கேள்வி கேட்டவனுக்கும் தங்கையை அழைத்துவர ஓடியவனுக்கும் நடுவில் ஒரு சம்பந்தம் இருக்கிறது என்று அந்த நாலு பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. என் சண்டை அங்கேதான் ஆரம்பமாகிறது.

பெரியவரிடம் முதலில் வருகிறேன்.

'ராத்திரி வாழ்க்கை நமக்கு இல்லை' என்கிறாரே, இதைவிடப் பெரிய பொய்யை அந்த வட்டாரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒருவர் சொல்ல முடியாது. காஞ்சிபுரம் ஜில்லா கூத்து ஜில்லா. திரௌபதியம்மன் கோயில் இருக்கிற ஊர்களில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. சாப்பாடெல்லாம் முடிந்த பிறகு மத்தளமும் முகவீணையும் ஆரம்பித்தால் கிழக்கு வெளுக்கிறவரைக்கும் நிற்காது. கட்டியக்காரன் வருவான், ராஜாவைக் கேலி பண்ணுவான், ஊர்த் தலைவரைக் கேலி பண்ணுவான், வந்து உட்கார்ந்திருக்கிற பெரிய மனுஷரின் மீசையைக் கேலி பண்ணுவான். நேற்றைய அரசியல், இன்றைய விலைவாசி, எதிர்வீட்டுக் கலகம் எல்லாம் அவன் வாயில் அடிபடும். எதுகையும் மோனையும் தாளமும் தப்பாமல், எதிரே நிற்கிறவனை வார்த்தையால் மடக்குகிற வித்தைக்கு இன்றைய வாலிபன் 'ராப்' என்று பெயர் வைத்திருக்கிறான். கட்டியக்காரன் அதற்குப் பெயரே வைக்காமல் தலைமுறை தலைமுறையாகச் செய்துகொண்டிருந்தான்.

அந்தக் கூத்தைப் பார்க்கப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊரே வந்தது. பெண்களும் வந்தார்கள், கைக்குழந்தையோடு வந்தார்கள், விடிய விடிய உட்கார்ந்திருந்தார்கள். பெருநகரிலேயே தைப்பூசத்துக்குச் சுற்று வட்டாரத்து ஊர்ச் சாமிகளெல்லாம் புறப்பட்டுச் செய்யாற்றங்கரையில் வந்து கூடுகின்றன. சாமிகளே பக்கத்து ஊர்ச் சாமிகளைச் சந்திக்கக் கிளம்பி வருகிற ஊரில், மனுஷர்கள் மட்டும் பொழுது சாய்ந்ததும் தூங்கிவிட வேண்டும் என்பது என்ன நியாயம்?

ஆனால் கூத்தைப் புகழ்கிற ஜோரில் ஓர் உண்மையை நான் மறைக்கப் போவதில்லை. பெண்கள் கூத்தைப் பார்த்தார்கள், ஆடவில்லை. திரௌபதி வேஷத்தை ஆண்தான் கட்டினான். சபையில் சிகையை விரித்துச் சபதம் செய்கிற பெண்ணுக்காக ஊர்ப் பெண்களெல்லாம் அழுதார்கள். அந்தச் சபதத்தைச் சொல்லும் வாய் மட்டும் ஒரு பெண்ணுடைய வாயாக இருக்கவில்லை. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில், கூத்துக் கலைஞர் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் நடத்திய கட்டைக்கூத்துக் குருகுலம் 2002-இல் தொடங்கி 2020 வரையில் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படிப்போடு கூத்தையும் கற்றுக்கொடுத்தது. அங்கே பெண் குழந்தைகளும் கட்டைகட்டி, கிரீடம் வைத்து, ராத்திரி மேடையில் ஏறினார்கள். வானம் இடிந்து விழவில்லை. கூத்து இன்னும் கொஞ்சம் நன்றாகவே இருந்தது.

நம் பெரியவருக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி அபாரப் பெருமை. "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குடவோலை போட்டுத் தேர்தல் நடத்திய ஊர்" என்று மார்தட்டுகிறார். தட்டட்டும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அந்தச் சாசனங்கள் அதிசயமானவைதாம். ஆனால், அவற்றைச் சுவரிலே நின்று பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யார் வாரியத்துக்கு வரலாம் என்பதைவிட யார் வரக்கூடாது என்கிற பட்டியல் அதில் நீளம். நிலம் வேண்டும், சொந்த மனை வேண்டும், வேதம் படித்திருக்க வேண்டும், வயது முப்பத்தைந்துக்குமேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். இவ்வளவும் உள்ளவன் கணக்குக் காட்டாமல் போனால் அவனுக்கும், அவன் உறவினர்களுக்கும் இடமில்லை. அந்தக் கண்டிப்பில் கொஞ்சம் இன்றைக்கும் இருந்தால் தேவலை. ஆனால் நாம் அந்தக் கல்வெட்டிலிருந்து கணக்குக் கேட்கிற பழக்கத்தைக் கற்றுக்கொள்ளவில்லை. யார் யார் வரக்கூடாது என்று பட்டியல் போடுகிற பழக்கத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறோம். ராத்திரிக்கும் அப்படி ஒரு பட்டியல் இருக்கிறது. அதை யாரும் கல்லில் வெட்டவில்லை. வெட்டியிருந்தால் அழித்துவிடலாம்.

இனி வாலிபர்களிடம் வருகிறேன். தம்பிகளே, பெரியவரை இவ்வளவு தூரம் வாங்கியதில் உங்களுக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். இப்போது உங்கள் முறை.

நீங்கள் உயிரை விடுகிறீர்களே, அந்த ஹிப்ஹாப் எங்கே பிறந்தது தெரியுமா? அமெரிக்காவில் என்பீர்கள். சரி. எந்த வீட்டில், யாரால்? 1973 ஆகஸ்டு 11-ஆம் தேதி, நியூயார்க் நகரத்துப் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண்ணுள்ள அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு விருந்து நடந்தது. சிண்டி காம்ப்பெல் என்ற பெண், ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவள், பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க வேண்டுமென்று அந்த விருந்துக்கு ஏற்பாடு செய்தாள். அறையை வாடகைக்குப் பிடித்தவள் அவள். அழைப்புச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுக்க வைத்தவள் அவள். இசைத்தட்டுச் சுழற்றத் தன் அண்ணனைக் கூப்பிட்டாள். அந்த அண்ணன்தான் பிற்காலத்தில் டி.ஜே. கூல் ஹெர்க் என்று உலகம் கொண்டாடிய மனிதர். அனுமதிக் கட்டணம் ஆண்களுக்கு 50 காசு. பெண்களுக்கு 25 காசு. நேரம் இரவு 9 மணியிலிருந்து விடியற்காலை 4 மணிவரை.

நம் கூத்து நேரம்தான், பார்த்தீர்களா?

ஹிப்ஹாப்பின் பிறந்த நாள் என்று இன்றைக்கும் உலகம் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். அதாவது, ஒரு தங்கை ராத்திரியில் விருந்து நடத்தினாள். அண்ணன் அவளுக்கு உதவி செய்தான். அதிலிருந்து இந்தக் கலை பிறந்தது. ராத்திரியில் வெளியே வருகிற பெண் எப்படிப்பட்டவள் என்று கேட்டீர்களே, அப்படி வந்த ஒரு பெண்தான் நீங்கள் தலையாட்டுகிற சங்கீதத்துக்குத் தொட்டில் கட்டினாள். அந்தத் தொட்டிலில் படுத்துக்கொண்டு அவளையே ஏசுவது நன்றி கெட்டதனம் இல்லையா?

நம் நாட்டில் அப்படித்தான் நடந்தது. தமிழில் ராப் என்பது சும்மா வரவில்லை. மலேசியத் தமிழரான யோகி பி 'நட்சத்ரா' குழுவோடு 2006-இல் 'வல்லவன்' என்ற தொகுப்பைக் கொண்டுவந்து இந்தத் தாளத்துக்குத் தமிழ் கச்சிதமாக உட்காரும் என்று காட்டினார். அதற்கும் ஒரு வருஷம் முன்னாலேயே, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, யுத்தத்தால் துரத்தப்பட்டு, அகதியாக லண்டன் போய்ச் சேர்ந்த மாயா அருள்பிரகாசம் என்ற தமிழ்ப் பெண், எம்.ஐ.ஏ. என்று பெயர் வைத்துக்கொண்டு, தன் தகப்பனாரின் இயக்கப் பெயரான 'அருளர்' என்பதையே தலைப்பாக இட்டு ஒரு தொகுப்பை வெளியிட்டிருந்தார். உலகம் திரும்பிப் பார்த்தது. தமிழர் ஒருவர் இந்தக் கலையில் உலகப் புகழ் பெற்றார் என்றால், அந்தத் தமிழர் ஒரு பெண்.

இத்தனைக்கும் பிறகு, 2010-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு வாலிபர்களின் போன்களில் எல்லாம் பரவி, ராப் என்றால் இதுதான் என்று பெயர் வாங்கிய பாட்டு எது? 'கிளப்புல மப்புல'. ஹிப்ஹாப் தமிழா ஆதி பாடியது. ராத்திரியில் கிளப்புக்குப் போய்க் குடிக்கிற பெண்களைப் பார்த்து, தமிழ்ப் பண்பாடு கெட்டுப்போயிற்று என்று புத்தி சொல்கிற பாட்டு. தாளம் பிராங்க்ஸிலிருந்து, புத்திமதி நம் பெரியவருடைய திண்ணையிலிருந்து! 2011 நவம்பரில் 'ஒய் திஸ் கொலவெறி டி' உலகம் சுற்றியதும் அதே காலம்தான். பெண் வேண்டாமென்று சொல்லிவிட்டாள், ஆகவே உலகத்துப் பெண்களெல்லாம் கல்நெஞ்சுக்காரிகள் என்கிற புலம்பல் அதற்கப்புறம் பல வருஷத்துக்கு ஒரு வியாபாரமாகவே நடந்தது. ஒரு பெண்ணுக்கு 'மாட்டேன்' என்று சொல்ல உரிமை உண்டு என்பதைப் பாட்டெழுதியவர்களும் மறந்தார்கள். கேட்டு ஆடியவர்களும் மறந்தார்கள்.

குடியைப் பற்றி எனக்குக் கரிசனம் கிடையாது. ஆணோ பெண்ணோ, குடித்துக் குடலைக் கெடுத்துக்கொள்வதை நான் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். 2003 முதல் தமிழ்நாட்டில் சாராயச் சில்லறை வியாபாரத்தை டாஸ்மாக் என்ற பெயரில் சர்க்காரே நடத்துகிறது. அந்தக் கடைகளின் வாசலில் ராத்திரி பத்து மணிவரையில் நிற்பது யார்? கூலிப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பாதையோரத்தில் விழுந்து கிடப்பது யார்? கிளப்பில் கால்வைத்த நூறு பெண்களுக்காகப் பண்பாட்டின் பெயரால் பாட்டுக் கட்டியவர்களுக்கு, டாஸ்மாக்கில் விழுந்து கிடக்கிற லட்சம் ஆண்களைப் பார்த்ததும் பண்பாடு ஏன் ஞாபகம் வரவில்லை? அங்கே வரும்போது பாட்டு கொண்டாட்டப் பாட்டாகிவிடுகிறது. ஆண் குடித்தால் சோகம், பெண் குடித்தால் துரோகம். இந்த இரட்டைத் தராசை வைத்துக்கொண்டு எவனும் எனக்குப் பண்பாடு நிறுத்துக் காட்ட வேண்டாம்.

இப்போது இன்னும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

ராத்திரி பெண்ணுக்கு ஆகாது என்று நாம் சொல்வதே பொய். ஆகிறது, நன்றாக ஆகிறது, நமக்கு லாபமானால் ஆகிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், காலை 6 மணியிலிருந்து மாலை 7 மணிவரையில்தான் பெண்களை வேலை வாங்கலாம் என்று வைத்திருந்தது. ஆணுக்குக் கிடைக்கிற வேலையும் சம்பளமும் பெண்ணுக்குக் கிடைக்கவிடாமல் செய்கிற இந்தப் பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 2000 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு. அதற்கப்புறம் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்தில் தொழிற்சாலைகள் வளர்ந்தன. நம்முடைய கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பஸ் ஏறினார்கள். உலகத்துப் பணக்காரர்களின் சட்டைப்பையில் இருக்கிற செல்போன்களை அந்த விரல்கள் ராத்திரி ஷிப்டில் பூட்டுகின்றன. எந்தக் கனவானும் பண்பாட்டைச் சொல்லித் தடுக்கவில்லை. மாதச் சம்பளம் வீட்டுக்கு வருகிறதல்லவா?

2021 டிசம்பரில், ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றில் சாப்பாடு விஷமாகி நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தோழிகளுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் தவித்த பெண்கள், ராத்திரியில், பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். தமிழ்நாட்டு ராத்திரியில் இந்தத் தலைமுறை கண்ட மிகப் பெரிய பெண்கள் கூட்டம் அதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பாட்டுக்காக அல்ல, கூத்துக்காக அல்ல. கெடாத சோற்றுக்காகக் கூடிய கூட்டம். அதற்குப் பிறகு, 2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகளோடு 706 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட செலவில் அவர்களுக்கென்று ஒரு பிரம்மாண்டமான விடுதி திறக்கப்பட்டது. நல்ல காரியம். படுக்க இடம் கொடுத்தோம். சந்தோஷம்.

ஆனால் அந்தப் பெண் ஷிப்டு இல்லாத ஒரு ராத்திரியில், தோழிகளோடு ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பால் டப்பா பாட்டு நன்றாயிருக்கிறதா இல்லையா என்று வாயாடிச் சிரித்துவிட்டு வீடு திரும்ப முடியுமா? ராத்திரி உழைக்க அவளுக்கு உரிமை உண்டு. ராத்திரி சிரிக்க உரிமை இல்லை. மெஷினுக்கு முன்னால் நின்றால் குலவிளக்கு; டீக்கடைக்கு முன்னால் நின்றால் குலக்கேடு. இதற்குப் பண்பாடு என்று பெயர் வைத்தால், சுரண்டலுக்கு வேறு பெயர் தேட வேண்டியதுதான். 2021-இலிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது எத்தனையோ பெண்களின் காலில் கிடந்த கட்டை அவிழ்த்தது. ஆனால் கடைசி பஸ் போனதும் அந்தக் கட்டு மறுபடியும் விழுந்துவிடுகிறது.

'எல்லாம் அவர்களுடைய பாதுகாப்புக்காகத்தான்' என்று பெரியவர் குறுக்கிடுவார். பாதுகாப்பு விஷயத்தையும் பேசிவிடுவோம். அவர் பயப்படுவது ராத்திரிக்கு அல்ல. ராத்திரியில் யார் யாரைச் சந்தித்துவிடுவார்களோ என்பதற்கு. டேட்டிங் என்று அந்த வாலிபர்கள் விளையாட்டாகப் பேசிய வார்த்தைக்கு நம் ஊர்களில் ஒரு பயங்கரமான அர்த்தம் உண்டு. எந்தத் தெருப் பையன் எந்தத் தெருப் பெண்ணோடு காப்பி குடிக்கலாம் என்பது இன்னும் தெருவைப் பொறுத்த சங்கதி. 2012 நவம்பரில் தருமபுரி ஜில்லாவில் நாயக்கன்கொட்டாய்ப் பக்கத்தில் மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். காரணம் ஒரு காதல் கல்யாணம். ஜீன்ஸும், டீ ஷர்ட்டும், கூலிங் கிளாஸும் மாட்டிக்கொண்டு பையன்கள் நம் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஒரு கட்சித் தலைவர் அந்தச் சமயத்தில் பேசித் திரிந்தார். உடுப்பைக் கண்டே நடுங்குகிற பண்பாடு எவ்வளவு பலவீனமான பண்பாடாக இருக்க வேண்டும்! 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், காதலித்துக் கல்யாணம் செய்துகொண்ட குற்றத்துக்காக ஒரு வாலிபரை அவர் மனைவியின் கண்ணெதிரே நடுச்சாலையில் வெட்டிக் கொன்றார்கள். ராத்திரியில் அல்ல ஐயா, பட்டப்பகலில்! பகலைச் சுத்தம் செய்ய முடியாதவர்கள் ராத்திரியைப் பூட்டி வைப்பதில் என்ன லாபம்?

அதனால்தான், தம்பிகளே, இந்தப் பாட்டை வெறும் தாளமாகக் கேட்டுவிட்டுப் போகாதீர்கள் என்கிறேன். இந்தக் கலையை இங்கே சிலர் எதற்காகக் கையில் எடுத்தார்கள் என்று பாருங்கள். 2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு மேடையேறியது. கானாவையும் ராப்பையும் கலந்து, ஜாதியின் முகத்துக்கு நேரே நின்று பாடியது. சாவு வீட்டு ராத்திரிகளில் ஆண்கள் மட்டுமே பாடிவந்த கானாவை, அந்தக் குழுவில் இசைவாணி என்ற பெண் பாடினார். 2020-இல் பி.பி.சி. உலகத்து நூறு பெண்களில் ஒருவராக அவரைத் தேர்ந்தெடுத்தது. அதே குழுவில் பாடிய அறிவு, உங்களுக்குப் பக்கத்து அரக்கோணத்துப் பிள்ளை. 2021 மார்ச்சில் 'எஞ்சாய் எஞ்சாமி' வந்தபோது நீங்களும்தானே ஆடினீர்கள்? அந்தப் பாட்டுக்கு ஊற்று, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைத்துத் திரும்பிய அவருடைய பாட்டி வள்ளியம்மாள். பிராங்க்ஸில் ஒரு தங்கை. லண்டனில் ஓர் அகதிப் பெண். அரக்கோணத்தில் ஒரு பாட்டி. இவர்களை எடுத்துவிட்டால் உங்கள் ஹிப்ஹாப்பில் மிஞ்சுவது என்ன? தொப்பியும் சங்கிலியும்தான்.

பெரியவரும் வாலிபர்களும் ஒரே கட்சி என்று முதலிலேயே சொன்னேன். காரணம் இப்போது விளங்கியிருக்கும். பெரியவர் ராத்திரியே வேண்டாமென்கிறார். வாலிபர்கள் ராத்திரி வேண்டும், ஆனால் தங்களுக்கு மட்டும் வேண்டுமென்கிறார்கள். இருவருடைய கணக்கிலும் அந்தப் பெண்ணுக்கு மீதி பூஜ்யம். பெரியவர் அதைக் கோபமாகச் சொல்கிறார். வாலிபன் அதைச் சிரிப்பாகச் சொல்கிறான். சொல்லுகிற விதம்தான் வேறே. கோபத்தை எதிர்த்து வாதாடலாம். சிரிப்பை எதிர்த்து வாதாடுவது கஷ்டம். ஆகையால் சிரிப்புத்தான் அதிக ஆபத்தானது.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். பெரிய புரட்சி எதுவும் வேண்டாம். ஊராட்சித் தலைவர்களே, எரியாத தெருவிளக்கை எரிய வையுங்கள். பஸ் அதிகாரிகளே, கடைசி பஸ்ஸைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். கோயில் தர்மகர்த்தாக்களே, பாட்டுக் கச்சேரிக்கு ஆயிரக்கணக்கில் அள்ளிக் கொடுக்கிற நீங்கள், விடிய விடிய ஒரு கூத்து வையுங்கள். அதில் வேஷம் கட்டத் தெரிந்த பெண்களையும் கூப்பிடுங்கள். பெற்றவர்களே, ராத்திரி ஷிப்டுக்கு அனுப்பத் துணிந்த மகளை ராத்திரிக் கூத்துக்கு அனுப்பவும் துணியுங்கள்.

தம்பிகளே, உங்களிடம் நான் கேட்பது இன்னும் சின்ன விஷயம். ஷிப்டு முடிந்து வருகிற தங்கையை வண்டியில் ஏற்றி வீட்டில் இறக்கிவிட்டு நீங்கள் மட்டும் அரட்டைக்குத் திரும்புகிறீர்கள். பகலெல்லாம் உழைத்தவன் நீ. ராத்திரியெல்லாம் உழைத்தவள் அவள். களைப்பு இரண்டு பேருக்கும் ஒன்றென்றால், களைப்புத் தீர உட்காருகிற பெஞ்சும் இரண்டு பேருக்கும் பொது. அவளுக்கும் ஒரு பாட்டுப் பிடித்திருக்கும். ஒரு பாட்டுப் பிடிக்காமலும் இருக்கும். ராத்திரியில் வெளியே வருகிற பெண் எப்படிப்பட்டவள் என்ற உங்கள் சந்தேகத்துக்கு அவளிடமே பதில் இருக்கும். அவள் வாயிலிருந்து அது வரும்போது தாளம் தப்பாது என்பது என் நம்பிக்கை.

நாள் என்றால் பகல் பாதி, ராத்திரி பாதி. இத்தனை காலமாக ராத்திரி முழுவதையும் அனுபவித்தாயிற்று. பாதியைக் கொடுங்கள். தானமாக அல்ல; வாங்கி வைத்திருந்த கடனாக.